இருபத்தொரு வாய்

எந்தச் சாமானுக்கும் இரண்டு கறுப்புப் புள்ளியும் இரண்டு ரோஸ் கன்னமும் வைத்துவிட்டால் அது அழகாகிவிடும் என்று இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரோ, அவர் ஒரு நாளைக்கு என் கையில் அகப்பட வேண்டும். ஸ்காபரோவில், மில்லிக்கன் பக்கம் என் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் கார் ஓடினால் ஒரு கைவினைச் சாமான் கடை வரும். பதினெட்டு வருடமாக ரிபனும் முத்தும் ஜரிகையும் அங்கேதான் வாங்குகிறேன். முன்பு மூன்றாவது வரிசை முழுக்க ஜரிகை இருக்கும். இப்போது அந்த வரிசை முழுக்க முகம். கள்ளிச்செடிக்கு முகம், பாண் துண்டுக்கு முகம், முகிலுக்கு முகம். கக்கூஸ் பேப்பர் சுருளுக்கும் ஒரு முகம் வைத்திருக்கிறார்கள். கோதாரி, அதுவும் என்னைப் பார்த்துக் கன்னம் சிவக்கிறது. ஜரிகை எங்கே என்று கேட்டால், அங்கே நிற்கிற பெட்டை கடைசி வரிசையில் தரையோடு கிடந்த ஒரு பெட்டியைக் காலால் காட்டுகிறாள்.

டிசம்பர் நத்தார்ச் சந்தையில் எனக்குப் பக்கத்து மேசை ஒரு வெள்ளைக்காரக் கிழவி. பத்து வருடம் காலுறை பின்னி விற்றவள். நல்ல காலுறை, நானே இரண்டு சோடி வாங்கிப் போட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்பு காலுறையை நிறுத்திவிட்டாள். இப்போது உட்கார்ந்து அவகாடோ பின்னுகிறாள், அதற்குக் கண் வைக்கிறாள். ஏன் இந்த வேலை என்று கேட்டேன். ஜப்பான்காரர் பொம்மை பின்னுகிற முறையாம், கொம்பியூட்டரில் பார்த்துப் படித்தாளாம், காலுறை வாங்க ஆளில்லையாம். சொல்லும்போதே அவகாடோவின் கன்னத்தைத் தடவினாள்.

என் தொழிலைச் சொல்கிறேன். நான் சாமத்தியவீட்டுக்குத் தட்டுச் செய்கிறவள். பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் நம்மவர்கள் மண்டபம் பிடித்து, நானூறு பேரைக் கூப்பிட்டு, பிள்ளையை மேடையில் இருத்துவார்கள். பெண்கள் இரண்டிரண்டு பேராக வந்து, ஒரு தட்டை இருவருமாகப் பிடித்து, பிள்ளைக்கு முன்னால் மூன்று தரம் சுற்றி ஆலாத்தி எடுப்பார்கள். பழம், பலகாரம், பூ என்று அந்தத் தட்டுகளை அடுக்கிச் சோடிப்பது நான். ஸ்காபரோவில் பிரதீபாவின் தட்டு என்றால் தூக்குகிறவளுக்கே ஒரு எடுப்பு வரும். எனக்கு இருப்பது ஒரே ஒரு சட்டம். மூளியான எதுவும் என் தட்டில் ஏறாது. விளிம்பு உடைந்த குடம், குடுமி இல்லாத தேங்காய், நுனி கிழிந்த வெற்றிலை, எல்லாம் வாசலோடு சரி. குறைப்பட்ட சாமானை ஒரு பிள்ளைக்கு முன்னால் சுற்றுவது கூடாது என்று நான் நம்புகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

சித்திரையில் லக்சிகா மகளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். மகள் அட்சயாவுக்குப் பன்னிரண்டு வயது. போன டிசம்பரில் வயதுக்கு வந்தவள். மண்டபம் ஓகஸ்ற் கடைசிச் சனிக்கிழமைதான் கிடைத்ததாம். பிள்ளை ஒரு கறுத்த ஹூடியின் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு என் பேஸ்மன்ற் படியில் நின்றது.

"பிரதீபாக்கா, இவள் மேடையில இருக்க மாட்டனெண்டு ஒரே அடம்," என்றாள் லக்சிகா. "கெஞ்சிக் கூத்தாடி ஒரு டீல் போட்டிருக்கிறன். இருபத்தொரு தட்டிலயும் தான் செய்யிற பொம்மையளைத்தான் வைக்க வேணுமாம். அதில ஒருத்தரும் கை வைக்கக் கூடாதாம். அப்பிடியெண்டால் வந்து இருப்பாளாம்."

"கை வைச்சால்?" என்று கேட்டேன்.

"வச்சா நான் இருக்க மாட்டன்," என்றது தொப்பிக்குள்ளிருந்து ஒரு குரல்.

பிள்ளை சாப்பாட்டுப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டியது. உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு கத்தரிக்காய். ஓவனில் வைத்துச் சுடுகிற கிளேயில் செய்தது. கண் இரண்டும் காதளவுக்கு விலகி, கீழே இரண்டு ரோஸ் பொட்டு. நான் என் வாழ்க்கையில் எத்தனையோ கத்தரிக்காயை வெட்டிக் குழம்பு வைத்திருக்கிறேன். ஒன்றும் என்னை இப்படிப் பார்த்ததில்லை.

"உதுக்கு வாயைக் காணேல்லை," என்றேன்.

"அதுதான் அன்ரி ஸ்ரைல். கவாயி, ஜப்பான் கியூட். வாய் தேவையில்லை."

"கியூட் என்னக்கா?" என்றாள் லக்சிகா. அவளுக்கு எப்படியாவது பிள்ளை மேடையில் ஏறினால் போதும்.

எனக்கு ஒரு துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். லக்சிகாவின் புருசன் வீட்டார் பெரிய சனம், அவர்கள் வீட்டு விழாவை விட்டால் அடுத்த வருடம் எவரும் என்னைத் தேட மாட்டார்கள். வீட்டு ஓவனில் கிளே சுட்டால் மணக்கிறது என்று லக்சிகா சொன்னதால், சனிக்கிழமைகளில் பிள்ளை என் பேஸ்மன்றுக்கு வந்து செய்வது என்று முடிவாயிற்று. என்னிடம் அதற்குத் தோதான ஒரு பழைய சின்ன ஓவன் கிடந்தது.

முதல் மூன்று சனிக்கிழமை அவள் வாய் திறக்கவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. நான் ஒரு மூலையில் தட்டுக்கு ஜரிகை ஒட்டினேன், அவள் ஒரு மூலையில் கிளே உருட்டினாள். ஆனால் கண் சும்மா இருக்குமா? பார்த்தேன். கை என்றால் கை. ஊசி முனையால் கறுத்த மணியை எடுத்து ஒரே குத்தில் கண்ணை வைத்தாள். திருப்பி வைத்ததில்லை, அழித்ததில்லை. இருபது வருடம் இந்த வேலை செய்கிற எனக்கு அந்தச் சுத்தம் வராது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

செய்தவற்றைப் பார்த்தால் இன்னும் விசர். முட்டை. நல்லெண்ணெய்ப் போத்தல். உளுத்தங்களி உருண்டை. பிட்டு. இடையிடையே ஒரு மோதகம், ஒரு சீனி அரியதரம். எல்லாவற்றுக்கும் கண், எல்லாவற்றுக்கும் கன்னம், ஒன்றுக்கும் வாய் இல்லை.

நாலாவது கிழமை கேட்டேவிட்டேன். "உலகத்தில வேற சாமானே இல்லையோ? முட்டையும் எண்ணெய்ப் போத்தலும் ஆர் தட்டில வைக்கிறது?"

"எனக்குத் தீத்தினது, அன்ரி," என்றாள் நிமிராமல். "டிசம்பரில வெளியில விடாமல் வீட்டில வச்சிருந்த கிழமை முழுக்க. பச்சை முட்டை, நல்லெண்ணெய், கத்தரிக்காய். நான் வாந்தி எடுக்க எடுக்கத் தந்தவை. மாமி கையைப் பிடிச்சவா, அம்மா வாயைத் திறந்தவா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நாங்களெல்லாம் குடிச்சுத்தானே வளந்தனாங்கள்."

அவள் சிரிக்கவில்லை. முட்டையைச் சுற்றிப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்த தூசியை நகத்தால் எடுத்தாள். நானும் சிரிப்பை நிறுத்தினேன். சொல்லத்தான் வேண்டும், அந்த நிமிடத்தில் அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. பொம்மையை அல்ல, அவளை. அடுத்த கிழமை அவளுக்கென்று உறைப்பில்லாமல் ரோல்ஸ் செய்து வைத்தேன். சாப்பிட்டாள். அதற்கடுத்த கிழமை ஹூடியின் தொப்பியைக் கழற்றினாள்.

ஜூனில் ஒரு மழைச் சனிக்கிழமை, முட்டைக்குக் கன்னம் வைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அன்ரி, ஒண்டு சொல்லட்டே? நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. அம்மாக்கும்."

"சொல்லு."

"டிசம்பரில இல்லை. எனக்கு ஒக்ரோபரிலயே வந்திட்டுது. ஸ்கூலில. என்ர பிரண்ட்தான் பாட் தந்தவள். ரெண்டு மாசம் நான் ஒளிச்சு வச்சிருந்தனான். பிறகு அம்மா லோன்றியில கண்டுட்டா, அண்டைக்கே மாமிக்குப் போன் அடிச்சா, மாமி எல்லாருக்கும் அடிச்சா." முட்டையை உள்ளங்கையில் வைத்துப் பொத்தினாள். "அந்த ரெண்டு மாசமும் அது என்ர விசயம். எனக்கு மட்டும். நோபடி நியூ."

எனக்கு அந்த நாள் வந்தபோது எங்கள் ஒழுங்கை முழுக்க ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிட்டது. அப்படித் தெரியாமலும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"என்ர வாயால வராது," என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியம்."

அவள் முட்டையை ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். அன்றைக்குப் போகும்போது முதல் தடவையாக எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள்.

அந்தச் சத்தியம் மூன்று கிழமை இருந்தது. என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். பொய் சொல்லாது, ஆனால் கோபம் வந்தால் நிற்காது. மேசைத் துணி நிறம் பார்க்க லக்சிகா வந்தபோது மச்சாளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அட்சயாவின் மாமி, லக்சிகாவின் புருசனுடைய தமக்கை, வோபர்னில் இருக்கிற ஜெயமலர் அக்கா. வந்து உட்காரவில்லை, அதற்குள் என் பழத்தட்டைத் தூக்கிப் பார்த்து, பாரிசில் இதைவிட வடிவாகச் செய்கிறார்கள் என்றார். பொறுத்தேன். ஜரிகை மங்கல் என்றார். அதையும் பொறுத்தேன். பிறகு கைப்பையிலிருந்து பிள்ளையின் குறிப்பை எடுத்தார். வயதுக்கு வந்த நாளையும் நேரத்தையும் வைத்துச் சாத்திரியார் எழுதிக் கொடுத்த பலன்.

"எங்கட பிள்ளை ஆகின நேரம் லேசுப்பட்ட நேரமில்லை, பிரதீபா," என்றார். "இருவத்தாறில கலியாணம், மாப்பிள்ளை டொக்டர். உனக்குப் பிள்ளையள் இருந்தால் விளங்கும்."

எனக்குப் பிள்ளைகள் இல்லை. அது ஸ்காபரோ முழுக்கத் தெரிந்த விசயம். அதை அவர் என் வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார். என் தலைக்குள் ஏதோ ஏறியது.

"உந்தக் குறிப்பைப் பெரிசாத் தூக்கிப் பிடியாதேங்கோ அக்கா," என்றேன். "நாள் சரியெண்டால்தானே பலன் சரி."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. லக்சிகா துணியைக் கீழே வைத்தாள். ஜெயமலர் அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன கதை இது? நாள் பிழையெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

சும்மா சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். பகிடி என்று சொல்லியிருக்கலாம். அவர் முகம் வெளிறிப்போவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை. ஒக்ரோபர், பள்ளிக்கூடம், சிநேகிதி, இரண்டு மாதம், எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் லக்சிகா போன் எடுத்தாள். பிள்ளையை ஹோலில் இருத்தி, தகப்பனும் மாமியும் பார்த்திருக்க, எத்தனையாம் திகதி, எத்தனை மணி, அப்போது என்ன பாடம் நடந்தது என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். சாத்திரியாருக்கு நேரம் துல்லியமாக வேண்டுமாம். "கணக்குப் பாடமாம், பத்தேகால்," என்றாள். "வாய் காட்டினாள், ஒண்டு குடுத்தன். குறிப்புப் புதுசா எழுத வேணும். நல்ல காலம் நீங்கள் சொன்னீங்களக்கா."

நல்ல காலம். போனை வைத்துவிட்டுக் குசினிச் சிங்கில் கையைக் கழுவினேன், கையில் ஒன்றும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்னை நம்பி ஒன்றைத் தந்தது. நான் அதை எடுத்து ஒரு எடுப்புக்காரியின் முகத்தில் எறிந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ஓகஸ்ற் நடுவில் லக்சிகா ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்தாள். மிச்சப் பொம்மைகளைச் சிநேகிதி வீட்டில் செய்து முடித்திருக்கிறாள். இருபத்தொன்றும் கணக்குக்குச் சரி, ஒன்றிலும் ஒரு குறை சொல்ல முடியாது. "ஏதும் சொன்னவளோ?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. டீல் டீல்தானாம். நீங்கள் அப்பிடியே வச்சால் தான் வந்து இருப்பனெண்டவள்."

அப்படியே வைக்கத்தான் நினைத்தேன். ஆனால் விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மத்தியானம், தட்டுப் பார்க்க ஜெயமலர் அக்கா தனியாக வந்தார். ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தார். முட்டையிடம் வந்து நின்றார்.

"உதுக்கு வாய் எங்கை?"

"பிள்ளையின்ர ஸ்ரைல், அக்கா. ஜப்பான் முறையாம். அதில ஒருத்தரும் கை வைக்கிறேல்லை எண்டு தாய் சொல்லியிருக்கிறா."

"கண் இருக்கு, கன்னம் இருக்கு, வாய் இல்லை. மூளியல்லோ இது," என்றார். "இருபத்தொரு மூளியைத் தூக்கி என்ர தம்பியின்ர பிள்ளைக்கு முன்னால சுத்துறதோ? மூளிச் சாமான் தட்டில ஏத்த மாட்டனெண்டு பேரெடுத்தவள் நீ. ஒரு சிரிப்பைக் கீறி விடன். பிள்ளைக்கும் புளுகமாய், சந்தோசமாய் இருக்கும்."

அவர் சொன்னால் எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது என் சட்டம். முதல் நாளிலிருந்து அந்த வாயில்லாத முகங்கள் என்னை அரித்துக்கொண்டுதான் இருந்தன. அத்தோடு வேறு ஒன்றும் எனக்குத் தோன்றியது. நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு கூடாத காரியம் செய்துவிட்டேன், இனி ஒரு குறையும் அவளுக்கு முன்னால் வராமல் பார்ப்பதாவது செய்யலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்துத்தான் பெயின்ற் பேனையை எடுத்தேன்.

மெல்லிய முனை, சிவப்பு. ஒவ்வொன்றையும் இடது கையில் பிடித்து, கண் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வளைவு. கத்தரிக்காய் சிரித்தது. எண்ணெய்ப் போத்தல் சிரித்தது. முட்டை சிரித்தது. வெயில் இறங்குவதற்குள் இருபத்தொன்றும் சிரித்தன. பொய் சொல்ல மாட்டேன், வடிவாகத்தான் இருந்தது. அவள் பார்த்துவிட்டு என்னை மன்னித்துவிடுவாள் என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு மறைப்புக்குப் பின்னால் நின்று தட்டுகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. பிள்ளையைப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மேக்கப்காரி கண்ணுக்கு லென்ஸ் போட்டு இரண்டு மடங்காக்கியிருந்தாள். கன்னம் இரண்டும் வட்ட ரோஸ். உதட்டை மாப்போட்டு மறைத்து, நடுவில் மட்டும் ஒரு பொட்டுப்போல நிறம் வைத்திருந்தாள். இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் போடுகிறார்களாம். முன்வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "கியூட்" என்றார்கள்.

முதல் தட்டு கத்தரிக்காய். இரண்டு பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். அட்சயா குனிந்திருந்தவள், தட்டு முன்னால் வந்ததும் கண்ணை உயர்த்தினாள். தட்டு ஒரு தரம் சுற்றியது. இரண்டு தரம் சுற்றியது. மூன்றாவது சுற்றில் அவள் தட்டைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி மறைப்பின் பக்கம் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

போட்டோக்காரர் "சிரியுங்கோ பிள்ளை, கொஞ்சம் சிரியுங்கோ" என்று கெஞ்சினார். சிரிக்கவில்லை. மாமன் கேக் துண்டை உதட்டருகில் கொண்டுபோனார், திறக்கவில்லை, அவர் உதட்டில் ஐசிங்கைத் தேய்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு இறங்கினார். லக்சிகா ஒரு தரம் தோளில் கை வைத்து ஏதோ உறுக்கினாள். பிள்ளை கல்லாக இருந்தது. இருக்க மாட்டேன் என்று சொன்னவள் எழுந்து போய்விடுவாள் என்று ஒவ்வொரு தட்டுக்கும் பயந்தேன். எழும்பவில்லை. இருபத்தொரு சிரிப்பும் ஒன்றொன்றாகப் போய் அவள் முகத்துக்கு முன்னால் சுற்றிவிட்டு வந்தன. ஒவ்வொன்றையும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

கடைசியாக நன்றி சொல்லும் நேரம். லக்சிகா எழுதிக் கொடுத்த தாளைப் பிள்ளையின் கையில் வைத்து, மைக்கைப் பிடித்தார்கள். அம்மாக்கு நன்றி, அப்பாக்கு நன்றி, மாமிக்கு நன்றி, வந்த எல்லாருக்கும் நன்றி. அவ்வளவுதான் தாளில். பிள்ளை எழுந்து நின்றது. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. அரை நிமிடம். ஒரு நிமிடம். நானூறு பேரும் அடங்கிவிட்டார்கள். அவள் நேரே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெரிய கண், அந்த ரோஸ் கன்னம், மூடிய உதடு. என் பேஸ்மன்றில் மூன்று மாதம் மேசைமேல் இருந்து என்னைப் பார்த்த அதே முகம்.

"வெக்கப்படுறாள் பிள்ளை," என்றார் யாரோ.

"சோ கியூட்," என்றார் இன்னொருவர்.

பிறகு கைதட்டினார்கள். முழு மண்டபமும் தட்டியது. போன்கள் எல்லாம் உயர்ந்தன. ஜெயமலர் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்கு வெளியே வந்து கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. தட்டுத் துணிகளை மடித்தேன்.

சனம் சாப்பாட்டுப் பக்கம் போன பிறகு, சேலைக் கரையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு அட்சயா மறைப்புக்குப் பின்னால் வந்தாள்.

"நீங்கள்தானே கீறினது?"

"மூளியாய் இருந்தது, பிள்ளை," என்றேன். "உனக்குக் கூடாதெண்டு நினைச்சன். மாமியும்..."

"மாமி கேட்டவா. கீறினது நீங்கள்."

"ஓம்," என்றேன்.

தட்டிலிருந்து முட்டையை எடுத்தாள். என்னிடம் சத்தியம் கேட்ட அன்று கையில் பொத்தி வைத்திருந்த அதே முட்டை. பெருவிரலால் அந்தச் சிவப்பு வளைவைத் தேய்த்துப் பார்த்தாள். பெயின்ற் நல்ல பெயின்ற், போகவில்லை.

"அதுகளுக்கு நான் வாய் வைக்காதது ஏனெண்டு நீங்கள் கேக்கவே இல்லை," என்றாள். "வாய் இல்லாட்டி ஒருத்தருக்கும் சொல்லாதுகள். எல்லாத்தையும் பாத்ததுகள், எல்லாம் தெரியும், ஆனா சொல்லாதுகள். அதுக்குத்தான்."

மடித்த துணியைக் கீழே வைத்தேன்.

"அம்மாக்கு நான் வெருட்டினது உங்களுக்குத் தெரியும்தானே. ஆரும் கை வச்சா எழும்பிப் போவனெண்டு. முந்தியெண்டால் போயிருப்பன். இப்ப எங்கை போறது, அன்ரி? எல்லாருக்கும் தெரியும்." முட்டையை என் உள்ளங்கையில் வைத்தாள். "இது உங்கட வாய். எனக்கு வேண்டாம். எல்லாத்தையும் நீங்களே வச்சிருங்கோ."

சேலைக் கரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போய் மேடையில் ஏறிக் கதிரையில் இருந்தாள், இன்னும் இருநூறு பேர் பக்கத்தில் நின்று படம் எடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபத்தொன்றையும் பேஸ்மன்ற் மேசையில் நிரைக்கு வைத்தேன். நெயில் பொலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு முட்டையின் வாயைத் துடைத்தேன். சிவப்புக் கரைந்தது, போகவில்லை, கிளேக்குள் ஊறிக் கன்னம்வரை பரவியது. இன்னும் துடைத்தேன். மேல்தோல் பசையாகி ஒரு கண் கழன்று பஞ்சோடு வந்தது. மற்ற இருபதையும் தொடப் பயமாக இருந்தது. அவை என்னைப் பார்த்துச் சிரித்தன.

அப்போது லக்சிகா போன் எடுத்தாள். புளுகத்தில் குரல் உச்சத்தில் இருந்தது. "பிரதீபாக்கா, வீடியோவைப் பாத்திட்டு நேற்றையில இருந்து எனக்கு ஒரே போன். அந்தச் சிரிக்கிற பொம்மையள் ஆர் செய்ததெண்டு கேக்கினம். மூண்டு பேர் உங்கட நம்பர் வாங்கிட்டினம். ஒரு ஆளுக்குச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் பெரிசா வேணுமாம்."

"ம்," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் இறங்கியது.

"அக்கா, அவள் வீட்டுக்கு வந்தும் இன்னும் ஒரு வார்த்தை பேசேல்லை. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள். மறைப்புக்குப் பின்னால உங்களோட நிண்டு கதைச்சதை நான் கண்டனான். உங்களோட எல்லாம் சொல்லுறவள்தானே. என்ன பிரச்சினையெண்டு ஏதும் சொன்னவளோ?"

என் கையில் முட்டை இருந்தது. ஒற்றைக் கண்ணும், முகமெல்லாம் சிவப்பும்.

"இல்லை," என்றேன். "என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை. கதவடியில போய் நிண்டு நீயே கேள்."